நல்லா இருக்கேன், டாக்டர்

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன், டாக்டர்."

"வலி?"

"அது கொஞ்சம் இருக்கும். பரவாயில்ல."

"எங்க, அந்தச் சுவர் வரைக்கும் நடந்து காட்டுங்க."

நடந்து காட்டினேன்.

"படி ஏறுவீங்களா?"

"மெதுவா ஏறிடுவேன்."

"அப்புறம் ஏன் வேலைக்குப் போறதில்ல?"

"ரொம்ப நேரம் நின்னா இடுப்பு வலிக்குது டாக்டர்."

"வேற ஏதாவது தொந்தரவு?"

"வேற ஒண்ணும் இல்ல."

"சரிம்மா, போயிட்டு வாங்க."

"வரேன் டாக்டர். நீங்களும் உடம்பைப் பாத்துக்குங்க. கண்ணுக்குக் கீழ இவ்வளவு கருப்பா இருக்கே, சரியாத் தூங்கறதில்லையா?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அவர் எனக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் இல்லை. நான் உட்கார்ந்திருந்த டாக்சியின் கதவில் சிவப்பு விளக்கையும் மதிக்காமல் வந்து மோதிய காரின் இன்சூரன்ஸ் கம்பெனி அனுப்பிய டாக்டர். எனக்கு எவ்வளவு அடிபட்டிருக்கிறது என்று பார்ப்பதைவிட, எவ்வளவு அடிபடவில்லை என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. எங்கள் வக்கீலம்மா இதை முன்கூட்டியே எச்சரித்திருந்தார். "அவர்கிட்ட மரியாதைக்குக்கூட நல்லா இருக்கேன்னு சொல்லிடாதீங்க" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்து எப்படி இருக்கீங்க என்று கேட்கும்போது வேறு என்ன சொல்வது? வாய் தானாகச் சொல்லிவிட்டது.

வாய் மட்டுமா? அன்று காலையில் நான் கண்ணாடி முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். ஒட்டிப்போன கன்னத்தை மறைத்தேன். உதட்டுக்கு லேசாக நிறம் வைத்தேன். வெளியே கிளம்பினால் முகத்தைச் சரிசெய்துகொள்வது எனக்குப் பல் துலக்குவதைப் போல. நான் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள். செய்துகொண்டிருந்தவள் என்று சொல்ல வேண்டும்.

என் வீட்டுக்காரர் கல்யாணங்களுக்குப் போட்டோவும் வீடியோவும் எடுப்பவர். யாரைப் பார்த்தாலும் "ஃபோகஸ் இல்ல, இன்னொரு தடவை" என்பார். அதனால் தொழிலில் எல்லோரும் அவரை ஃபோகஸ் என்றே கூப்பிடுவார்கள். நாங்கள் சந்தித்ததே ஒரு கல்யாணத்தில்தான். "மேடம், பொண்ணு முகத்துல உங்க கைதான் தெரியுது, கொஞ்சம் எடுக்கறீங்களா?" என்றார். "கையை எடுத்தா மை கோணிடும். நீங்க வேணா கேமராவ எடுத்துட்டுப் போங்க" என்றேன். அன்றிலிருந்து அவருக்கு நான் மைக்காரி.

கம்பெனி டாக்டரைப் பார்க்கக் கிளம்பிய அன்று, வாசலில் என்னை நிறுத்தி ஏற இறங்கப் பார்த்தார். "தோளை இறக்கு. தாடையைக் கொஞ்சம் தூக்கு. ம்... இப்பதான் என் மைக்காரி மாதிரி இருக்கே" என்றார். எனக்கும் மனசு குளிர்ந்துபோயிற்று. கேஸுக்காகக் காயத்தைக் காட்டப் போகிற இரண்டு பேரும் கல்யாண ரிசப்ஷனுக்குப் போகிற மாதிரி கிளம்பினோம்.

அந்த டாக்டரின் அறிக்கை வந்தபோது வக்கீலம்மா எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். இரண்டு பேரையும் எதிரில் உட்காரவைத்து வாசித்தார். 'மனுதாரர் நேர்த்தியாக உடுத்தி, முகமலர்ச்சியோடு வந்தார். நிமிர்ந்து நடந்தார். படியேற முடியும் என்றார். வேறு தொந்தரவு எதுவும் இல்லை என்றார். இடுப்பெலும்பு முறிவு முழுமையாகக் கூடிவிட்டது. அவர் வேலை செய்வதற்கு எந்தத் தடையும் இல்லை.'

கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கடைசி வரியையும் கேளுங்க. 'என் தூக்கத்தைப் பற்றி அக்கறையுடன் விசாரித்தார்.' ஏம்மா, அங்க நோயாளி யாரு? நீங்களா, அவரா?"

என் வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நான் அவர் காலை மிதித்தேன்.

"சிரிக்காதீங்க சார். எலும்பு உடைஞ்சதுக்கு ஆஸ்பத்திரி ரெக்கார்டு இருக்கு. ஆனா கோர்ட்டு கேக்கப்போறது அது இல்ல. உடைஞ்சது சேர்ந்தாச்சே, இப்ப என்ன குறைன்னு கேப்பாங்க. பலத்த காயம்னு நாம சொல்றோம். எதைக் காட்டிச் சொல்றது? எக்ஸ்ரே அவங்க பக்கம் பேசுது. இந்தம்மா வாயும் அவங்க பக்கமே பேசிடுச்சு."

பிறகு ஏதோ ஒரு தாளை என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, கீழே இருந்த கடையில் நகல் எடுத்து வரச் சொன்னார். அவர் படி இறங்கும் சத்தம் தேய்ந்ததும் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இடுப்பு உடைஞ்ச கேஸ் நான் நிறையப் பாத்திருக்கேன். எலும்போட நரம்பும் அடிபட்டிருக்கும். வெளியில சொல்ல மாட்டாங்க. கேக்கறேன், தப்பா நெனக்காதீங்க. ஒண்ணுக்கு அடக்க முடியுதா உங்களால?"

"சேச்சே" என்றேன். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம்."

கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது. அவர் என் முகத்தைப் பார்த்தார். முகத்தில் என்ன தெரியும்? நான்தான் பூசிக்கொண்டு வந்திருந்தேனே.

உண்மை வேறு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, கைத்தடியை விட்டு, மறுபடி ஒரு கல்யாணத்துக்கு வேலைக்குப் போன முதல் நாள் அது. மணப்பெண் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணுக்கு மை தீட்டி முடித்து, அடுத்த கண்ணுக்காக அவள் தாடையைத் திருப்பினேன். அப்போது கால்வழியே வெதுவெதுவென்று இறங்கியது. எந்த அறிகுறியும் இல்லை. அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. அந்தப் பெண் கண்ணை மூடியிருந்தாள். சுற்றிலும் அவள் அத்தைகள், சித்திகள், தோழிகள். பஞ்சு நனைக்க வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்து புடவைமேல் கவிழ்த்துக்கொண்டேன். "ஐயோ, கை தவறிடுச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். யாரோ துண்டு கொடுத்தார்கள். அவசர அவசரமாக இன்னொரு கண்ணையும் முடித்தேன். இரண்டு கண்ணும் ஒன்றுபோல் அமையவில்லை. அவள் கண்ணாடியைப் பார்த்து "சூப்பரா இருக்கு அக்கா" என்று சொன்னபோது எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அதற்குப் பிறகு வந்த வேலைகளுக்கெல்லாம் முடியாது என்று சொல்லிவிட்டேன். இடுப்பு வலி என்றேன். வலியும் இருந்தது, பொய் இல்லை. ஆனால் அதைத் தாங்கிக்கொண்டு நின்றிருப்பேன்.

தூக்கத்தில் இன்னும் மோசம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த புதிதில் என் வீட்டுக்காரர் புரண்டு படுத்தால் கட்டில் அசையும்; எனக்கு உயிர் போகும். அதனால் அவரே ஹாலில் பாயை விரித்துக்கொண்டார். வலி குறைந்தபோது, "உள்ள வரட்டுமா?" என்று கேட்டார். அதற்குள் இந்தத் தொல்லை ஆரம்பித்திருந்தது. "இன்னும் கொஞ்ச நாள் போகட்டுங்க" என்றேன். மறுபடியும் ஒருமுறை கேட்டார். மறுபடியும் அதையே சொன்னேன். பிறகு அவர் கேட்பதை விட்டுவிட்டார். அவர் கேட்டுக்கொண்டிருந்தவரை எனக்குப் பயமாக இருந்தது. கேட்பதை நிறுத்தியதும் வேறொரு பயம் வந்தது. வந்துவிடுங்கள் என்று நான்தான் சொல்ல வேண்டும் என்று ஆயிற்று. எத்தனையோ முறை சாப்பாடு பரிமாறும்போது வாய்வரை வந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தால், "இன்னும் கொஞ்சம் போடட்டுமா?" என்று கேட்டுவிடுவேன்.

மேஜை விரிப்புக்காக வாங்கிய பிளாஸ்டிக் துணியைப் படுக்கைக்குக் கீழே போட்டிருந்தேன். அவர் எழுவதற்கு முன்பே எழுந்து போர்வையையும் விரிப்பையும் மெஷினில் போட்டுவிடுவேன். "என்ன, தினமும் துவைக்கறே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "தூசிங்க" என்றேன். அதற்குப் பிறகு அவர் அதையும் கேட்டதில்லை.

அன்று, நகலோடு அவர் திரும்பி வந்ததும் வக்கீலம்மா வேறு ஒரு யோசனை சொன்னார். "சார், உங்க கையில கேமரா இருக்கு. காலையில எழுந்ததுலேருந்து இந்தம்மா ஒரு நாளை எப்படித் தள்றாங்கன்னு எடுத்துட்டு வாங்க. நடிக்க வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். நீதிபதி பாத்தா புரியணும்."

வீட்டுக்கு வந்ததும் இதை என் நாத்தனாரிடம் சொன்னோம். பக்கத்துத் தெருவில்தான் வீடு. தம்பியை விட மனசில்லாமல் தினமும் ஏதாவது சமைத்து எடுத்து வருவார். நல்ல மனுஷி, வாய்தான் கொஞ்சம் நீளம்.

"சினிமாவா எடுக்கப் போறீங்க?" என்றார். "தப்பா எடுத்துக்காதேம்மா. முகத்தப் பாத்தா நேத்துக் கல்யாணம் ஆன பொண்ணு மாதிரி இருக்கே. இத வச்சு என்னத்தக் காட்டப் போறான் என் தம்பி? நாலு பேரு என்கிட்டயே கேக்கறாங்க, உங்க வீட்டுப் பொண்ணு நல்லாத்தானே நடக்குது, எதுக்குக் கேஸ்னு."

"அக்கா, நீ சும்மா இரு" என்றார் இவர்.

"நான் சொல்லலப்பா, ஊரு சொல்லுது."

"அண்ணி, ஊருக்கு என்ன பதில் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சும்மா உக்காந்து சாப்பிடற வயசா இது, பாவம் உள்ள என்ன கஷ்டமோன்னு சொன்னேன்." சொல்லிவிட்டு என்னையே பார்த்தார். உள்ளே என்ன கஷ்டம் என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். நான் அவர் கொண்டுவந்த பாத்திரத்தைக் கழுவ எழுந்து போய்விட்டேன்.

வீடியோ எடுத்த நாளை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. கூடவே காதும் சுடுகிறது. முதல் காட்சி, நான் தூங்கி எழுவது. நான் விடியும் முன்பே எழுந்து விரிப்பை மாற்றி, குளித்து, கண்ணுக்கு மெல்லிசாக மை எழுதி, மறுபடி வந்து படுத்துக்கொண்டேன். அவர் ஜன்னல் திரையை ஒதுக்கி, என் முகத்தில் வெளிச்சம் விழும்படி செய்தார்.

"எழுந்திரு. மெதுவா. கையை ஊன்று. ஐயோ, முடி கண்ணுல விழுது. இன்னொரு தடவை."

மறுபடி படுத்தேன். மறுபடி எழுந்தேன்.

"இப்ப நொண்டு."

"நொண்டத்தானே செய்யறேன்!"

"தெரியலையே. ஃபோகஸ் வர்றதுக்குள்ள போயிட்டே. திரும்ப வா."

நிஜமாகவே நொண்டுகிறவளை நிஜம்போல நொண்டச் சொல்லி நான்கைந்து தடவை நடக்கவிட்டார். கடைசியில் இரண்டு பேரும் சிரித்துச் சிரித்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டோம். நெடுநாளைக்குப் பிறகு அந்தக் கட்டிலில் அவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். தோள் என் தோளில் பட்டது. கேட்டுவிடலாமா என்று நினைத்தேன். பிளாஸ்டிக் துணியின் ஓரம் மெத்தைக்கு வெளியே தெரிகிறதோ என்ற எண்ணம் வந்தது. எழுந்துவிட்டேன்.

மத்தியானம் நான் ஓய்வெடுப்பதை எடுக்க வேண்டும் என்றார். கட்டிலுக்கு எதிரே கேமராவை நிறுத்தினார். படுத்தேன். கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. "அக்காதான். கட். நீ படுத்திரு" என்று சொல்லிவிட்டுப் போனார். விடியலிலிருந்து அலைந்த களைப்பு, அப்படியே தூங்கிப்போனேன்.

முடித்த படத்தை வக்கீலம்மாவின் அறையில் போட்டுப் பார்த்தோம். காலை வெயிலில் நான் எழுந்தேன். ஜன்னலோரம் டீ குடித்தேன். செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். பின்னணியில் மெல்லிய புல்லாங்குழல் இசைகூடப் போட்டிருந்தார். நான் நொண்டியது ஏதோ கொலுசுக்கு ஏற்ற நடைபோல இருந்தது.

வக்கீலம்மா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "சார், இது என்ன, ஷாம்பு விளம்பரமா? இதப் போட்டா எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்னு கை தட்டுவார்."

"மியூசிக்க வேணா எடுத்துடறேன் மேடம்" என்றார் இவர், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

"மியூசிக் இல்ல சார் பிரச்சினை. நீங்க வெட்டி ஒட்டறதுக்கு முன்னாடி எடுத்தது அப்படியே இருக்கும்ல? முழுசையும் கொண்டுவாங்க. எது வேணும், எது வேண்டாம்னு நான் பாத்துக்கறேன்."

"அது... அதுல ஒண்ணும் இருக்காது மேடம். சும்மா தேவையில்லாதது."

"தேவையில்லாததுதான் எனக்கு வேணும்."

அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். பஸ்ஸில் வரும்போது ஒரு வார்த்தை பேசவில்லை. சாதாரணமாக பஸ்ஸில் எதிர் சீட்டுக்காரரின் மூக்குக்கு எந்தப் பக்கத்து வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று காதில் சொல்லிக்கொண்டே வருவார்.

வீட்டுக்கு வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர், திரையைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முழுசா கொடுக்க வேண்டாம்" என்றார்.

"ஏங்க?"

"வேண்டாம்னா வேண்டாம். கேஸ் தோத்தா தோத்துட்டுப் போகுது."

"அதுல என்னதான் இருக்கு?"

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லன்னா போடுங்க, பாக்கறேன்."

அவர் போடவில்லை. நானே பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். அவர் வேலைசெய்வதைப் பக்கத்தில் இருந்து எத்தனையோ முறை பார்த்தவள்தான் நான். எந்தப் பெயரில் எது இருக்கும் என்று தெரியும். 'மத்தியானம்' என்று போட்டிருந்ததைத் திறந்தேன். அவர் என் கையைப் பிடித்துத் தடுக்க வந்து, பாதியில் விட்டுவிட்டார்.

திரையில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன். அவர் "கட்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாரே தவிர, கேமராவை நிறுத்தவில்லை. கல்யாண வீட்டில் ஜனங்கள் கேமரா ஓடுகிறது என்று தெரிந்தால் விறைத்துப்போவார்கள் என்று, அதன் சின்னச் சிவப்பு விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டி வைத்திருப்பார். அதனால் எனக்கு அது ஓடுவது தெரியவில்லை.

திரையில் இருந்தவள் கண் விழித்தாள். ஒரு கணம் அசையாமல் கிடந்தாள். பிறகு கையைக் கீழே கொண்டுபோய்த் தொட்டுப் பார்த்தாள். வாசல் பக்கம் பார்த்தாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இப்போது அவள் நொண்டியதைப் பார்க்க வேண்டும். அதில் அழகு எதுவும் இல்லை. ஈர விரிப்பை உருவினாள். பிளாஸ்டிக் துணியைப் பழைய பாவாடையால் துடைத்தாள். குனிய முடியாமல் முழங்காலில் விழுந்து, சுருட்டிய துணியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். பின்னால் நனைந்திருந்த உடையை மாற்றத் தொடங்கினாள். நடு நடுவே கதவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், திருட வந்தவள் மாதிரி.

மணப்பெண்களின் முகத்தையே பார்த்துப் பழகிய அந்தத் திரையில் என் பின்பக்கத்தைப் பார்த்தேன். நிறுத்தத் தோன்றவில்லை. எங்கே பார்ப்பது என்றும் தெரியவில்லை. கை தானாக முகத்தை மூடிக்கொண்டது.

"இதப் பாத்தீங்களா நீங்க?" என்றேன், விரல்களுக்கு உள்ளிருந்து.

"ம்."

"முழுசாவா?"

"வெட்டணும்னா பாக்கணுமே" என்றார். பிறகு, "அதுக்கு முன்னாடியே தெரியும், மைக்காரி" என்றார்.

"எப்போலேருந்து?"

"அந்தப் பொண்ணுக்கு ஒரு கண்ணு ஒரு மாதிரி இருந்துச்சே, அந்தக் கல்யாணம். முன்னாடி தண்ணி கொட்டிக்கிட்டதாச் சொன்னே. நான் எடுத்த போட்டோ ஒண்ணுல நீ திரும்பி நின்னுக்கிட்டிருந்தே. பின்னாடி நனைஞ்சிருந்துச்சு. அழிச்சிட்டேன்."

"அப்போ தினமும் காலையில..."

"மெஷின் ஓடுற சத்தம் கேக்கும்."

நான் கையை எடுத்து அவரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. காதுவரை சிவந்திருந்தார்.

"நீங்க தூங்கறீங்கன்னு நெனச்சேன்."

"போர்வைய இழுத்து மூடிக்குவேன்." தொண்டையைச் செருமினார். "எழுந்து வந்தா உனக்கு அவமானமா இருக்கும்னுதான்... இல்ல, அது பொய். எனக்கு என்ன பண்றதுன்னு தெரியல. வந்து நின்னு என்ன சொல்றது? நீ அந்த ஈரத் துணியைத் தூக்கிட்டுக் கால இழுத்துக்கிட்டு நடக்கறது கேக்கும். நான் படுத்துக்கிட்டு இருப்பேன். எவ்வளவு கேவலம் பாரு. நீ 'கொஞ்ச நாள் போகட்டும்'னு சொன்னப்ப எனக்கு... கொஞ்சம் நிம்மதியாக்கூட இருந்துச்சு. அதச் சொல்லிடறேன். அதுக்கப்புறம் உள்ள வரட்டுமான்னு கேக்க என்ன யோக்கியதை எனக்கு?"

அந்த 'நிம்மதி' என்ற சொல் சுருக்கென்று தைத்தது. திட்டலாம் என்று நினைத்தேன். ஆனால் திட்டுகிற மாதிரி அவர் இல்லை. அத்தனை நாளும் கதவுக்கு இந்தப் பக்கம் நான் ஒளிந்திருந்தேன் என்றால், அந்தப் பக்கம் அவரும் போர்வைக்குள் ஒளிந்திருக்கிறார். எங்களில் யார் அதிகம் கூசினோம் என்று தெரியவில்லை.

"அழிச்சிடட்டுமா?" என்று கேட்டார். விரல் அழிக்கும் விசைமேல்தான் இருந்தது. "இத ஒரு ரூம்ல அத்தனை பேரு உக்காந்து பாக்கறதா? வேண்டாம். கேஸும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

எனக்கும் அழித்துவிட வேண்டும் என்றுதான் இருந்தது. அழித்தால் நான் பொய்க் கேஸ் போட்டவள் ஆவேன். நாத்தனாரிடம் கேட்ட அந்த நாலு பேர் நாற்பது பேர் ஆவார்கள். அதுகூடப் பெரிதில்லை. நாளைக் காலையில் மறுபடி நான் சத்தம் போடாமல் நடக்க வேண்டும். அவர் போர்வையை இழுத்து மூட வேண்டும். தெரிந்துவிட்ட பிறகும் அதையே செய்வதா?

"போனைக் கொடுங்க" என்றேன்.

வக்கீலம்மா எடுத்தார். என் வீட்டுக்காரருக்கும் கேட்கட்டும் என்று போனை மேஜையில் வைத்து ஸ்பீக்கரைப் போட்டுவிட்டேன்.

"மேடம், அன்னிக்கு நீங்க ஒண்ணு கேட்டீங்களே."

"எது?"

"அவரைக் காப்பி எடுக்க அனுப்பிட்டுக் கேட்டீங்களே." மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். "ஆமா மேடம். முடியல. அடக்க முடியல. தூக்கத்துலயும் போயிடுது. அதனாலதான் வேலைக்குப் போறதில்ல."

அதைச் சொன்னபோது யாராவது சிரிப்பார்கள் என்றோ, சே என்பார்கள் என்றோ எதிர்பார்த்தேனா, தெரியவில்லை. போனில் பேனா மூடி திறக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"சந்தேகப்பட்டேன்" என்றார் வக்கீலம்மா, பஸ் நம்பரைக் குறித்துக்கொள்கிற குரலில். "நாளைக்கே நரம்பு டாக்டர் ஒருத்தரைப் பாக்கணும். அதுக்குன்னு பரிசோதனை இருக்கு, பேப்பர்ல தெளிவா வரும். அந்த டாக்டர் நல்லா இருக்கீங்களான்னு கேட்டா நல்லா இருக்கேன்னு சொல்லக் கூடாது, தெரியுதா?"

"சரிங்க மேடம்."

"வீடியோல ஏதாவது இருக்கா?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் விசையிலிருந்து விரலை எடுத்திருந்தார்.

"இருக்கு" என்றேன்.

"அத யாரும் பொதுவுல பாக்க மாட்டாங்க. நீதிபதி மட்டும் அறையில பாக்கணும்னு கேட்டுக்கலாம். நான் கேக்கறேன். சரி, இப்ப எனக்கு இன்னும் ரெண்டு மூணு விஷயம் வேணும். குடும்ப வாழ்க்கை பாதிச்சதும் காயத்துல சேரும், அதனால கேக்கறேன். ராத்திரி நீங்க எங்க படுக்கறீங்க?"

"ரூம்ல."

"உங்க வீட்டுக்காரர்?"

"ஹால்ல."

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்தா?"

"ஆமா."

"அவரா போனாரா, நீங்க சொன்னீங்களா?"

அவர்தான் போனை நோக்கிக் குனிந்தார். "ரெண்டும்தான் மேடம்" என்றார்.

"ஓ, நீங்களும் இருக்கீங்களா சார்? சரி. ரெண்டும்தான்னு எழுத முடியாது. 'விபத்தின் காரணமாகக் கணவனும் மனைவியும் தனித்தனியே படுக்கிறார்கள்'னு எழுதிக்கறேன். சரியா?"

அந்த வாக்கியம் அறைக்குள் நின்றது. தப்பில்லாத வாக்கியம். கோர்ட்டில் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். அதில் என் வெட்கமும் இல்லை, அவருடைய போர்வையும் இல்லை. நீதிபதி அதை வாசிப்பார் என்று நினைத்தபோது, ஈரத் துணியைப் பார்ப்பதைவிட இது அதிகமாகக் கூசியது.

"என்னம்மா, இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான்னு எழுதிக்குங்க."

எனக்குக் காது, கழுத்து எல்லாம் கொதித்தது. திரையில், அவர் எப்போதோ நிறுத்திவைத்த இடத்தில், அந்தப் பெண் இன்னும் கதவைப் பார்த்தபடி பாதி உடையில் உறைந்து நின்றிருந்தாள். நான் பக்கத்தில் இருந்தவரின் முகத்தைப் பார்க்காமல், அவர் சட்டையின் நுனியைப் பிடித்துக்கொண்டேன்.

"உள்ள வந்து படுங்க" என்றேன். "ராத்திரி நனைஞ்சா எழுப்புவேன். எழுந்திருக்கணும்."